பாலத்துக்கு அப்பால்

சொந்தோஃபன்
9 பெப்ரவரி 2026

தக்சாயினிக்கு,

இந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே நீங்கள் கிழித்துப் போடலாம். வாட்ஸ்அப்பில் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டீர்கள். வீட்டுக்குப் போன் எடுத்தால் யதுவின் அப்பா என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார். அதனால்தான் தபாலில் வருகிறேன்.

உங்கள் கணவர் யதுசன் எனக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்து நண்பன். நான் இங்கே மலைக்கு வேலைக்கு வந்து, கேபிள் காருக்கு மின்சாரம் பார்க்கத் தொடங்கியபிறகு, ஒவ்வொரு மாரிக் குளிருக்கும் பீலெஃபெல்டிலிருந்து வந்து என்னோடு பனிச்சறுக்குப் பலகையில் மலை ஏறுவான். ஏறி இறங்கும் தடம் போட்ட இடங்களில் அல்ல, ஆள் போகாத பனியில். அந்தச் சனிக்கிழமை நடந்ததை உங்களுக்குப் பொலிஸ் ஜேர்மன் மொழியில் சொல்லியிருப்பார்கள். நான் தமிழில் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

இங்கே ராப்பன்தோபெல் என்று ஒரு பள்ளம் இருக்கிறது. ஓடை வெட்டிய ஒடுக்கமான பள்ளம், இரண்டு பக்கமும் செங்குத்து. அதன் மேல்முனையைக் குறுக்கே கடக்கவேண்டும். அன்றைய பனிச்சரிவு அறிக்கையில் ஆபத்து ஐந்தில் மூன்று. கேட்கும்போது நடுத்தரம் போல இருக்கும். ஆனால் ஆட்கள் கூடுதலாகச் சாவது மூன்றில்தான், ஏனென்றால் நான்கு என்றால் வீட்டில் நின்றுவிடுவார்கள். இரண்டு நாள் காற்று அந்தச் சாய்வில் பனியை வாரிக் கொட்டியிருந்தது. காற்று கொட்டிய பனி மேலே பலகைபோல இறுகும், அடியில் பழைய பனி சீனி மாதிரி உதிரியாகக் கிடக்கும். மேலே ஒருவன் கால் வைத்தால் போதும்.

வழியில் இருந்த மலைக்குடிலடியில் நான் சொன்னேன், “மச்சான், இண்டைக்குச் சரிவராது. திரும்புவம்.” அவன் சிரித்தான். “ஏழு மணித்தியாலம் கார் ஓடி வந்தது கோப்பி குடிச்சிட்டுப் போகவோ?” இதை அவன்மேல் பழி போட எழுதவில்லை. நானும் ஓம் என்றேன். ஒவ்வொருவராகக் கடப்போம் என்று முடிவெடுத்தோம்.

நான் முதலில் கடந்து பாறைக்குப் பின்னால் நின்று கை காட்டினேன். அவன் நடுவில் வரும்போது ‘வும்’ என்று ஒரு சத்தம், சாய்வு அவனோடு பள்ளத்துக்குள் இறங்கியது. அவ்வளவுதான்.

எங்கள் இருவர் நெஞ்சிலும் சமிக்ஞை அனுப்பும் கருவி கட்டியிருந்தது. அவனுடையது நன்றாகவே வேலை செய்தது. நான் இறங்கித் தேடினேன். பள்ளத்தின் அடியில் என் கருவியின் எண் குறைந்து குறைந்து ஏழுக்கு வந்தது, அதற்குக் கீழே போகவில்லை. ஏழு மீட்டர். பனிக்குள் குத்திப் பார்க்க என்னிடம் இருந்த கோல் மூன்று மீட்டர். தோண்டினேன். மூடுபனியில் ஹெலிகொப்டர் வர முடியாமல் மீட்புக்காரர் நடந்து வந்தார்கள். அவர்கள் வந்த பிறகு மேலே தங்கியிருந்த பனித்துண்டும் இறங்கி ஒருவரின் கால் முறிந்தது. அவர்களின் தலைவர் யோசேப்பு எல்லோரையும் வெளியே எடுத்தார். என்னையும் இழுத்துத்தான் எடுத்தார்கள்.

அன்றிலிருந்து பனி விடாமல் கொட்டுகிறது. அவனுடைய கருவியின் பட்டரி இப்போது முடிந்திருக்கும். தேடலை நிறுத்திவிட்டார்கள். இதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்வதற்கு முன் நான் சொல்லவேண்டும் என்று இருந்தது, பிந்திவிட்டேன்.

கிருஷாந்

*

பீலெஃபெல்ட்
14 பெப்ரவரி

திரு. கிருஷாந் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. மூன்று தரம் வாசித்தேன். ஏழு மீட்டர், மூன்று மீட்டர், ஐந்தில் மூன்று. கணக்கு வடிவாக இருக்கிறது. என் புருஷன்தான் இல்லை.

அவர் எந்த இடத்தில் கிடக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இறங்கி வந்தீர்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளித்திருப்பீர்கள். சுடுதண்ணீரில்தானே? இதை ஏன் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் பார்மசியில் மருந்துப் பெட்டிகளை அடுக்கும்போதுகூட இதுதான் மனதில் ஓடுகிறது.

இங்கே எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியவேண்டும். வருகிற சனத்துக்கு இது செத்த வீடா, சும்மா வீடா என்று விளங்கவில்லை. சாப்பாட்டுச் சட்டியோடு வருகிறார்கள், அழுவதா விடுவதா என்று தெரியாமல் என் கழுத்தைப் பார்க்கிறார்கள். தாலியைக் கழற்றவா வேண்டாமா என்று மாமி என்னிடம் கேட்கவில்லை, தன் தங்கச்சியிடம் போனில் கேட்கிறா, எனக்குக் கேட்கும்படியாக. பதிவு அலுவலகத்தில் உடல் இல்லாமல் மரணச் சான்றிதழ் இல்லை என்று ஒரு பெண் மிகவும் அன்பாகச் சொன்னாள். நான் பெண்சாதியா கைம்பெண்ணா என்று தீர்மானிக்க எனக்கு ஒரு டெர்மின், வரச்சொல்லி ஒரு நாள், கொடுத்திருக்கிறார்கள், மே மாதத்தில்.

மாமாவும் கவிஷனும் வருகிற சனிக்கிழமை அங்கே வருகிறார்கள். கவிஷன் தன் கராஜ் முதலாளியிடம் மண்வெட்டிகளும் ஒரு வானும் கேட்டு எடுத்துவிட்டான். அண்ணனைத் தம்பி தோண்டி எடுப்பான். நீங்கள் இடத்தைக் காட்டினால் போதும். காட்டிவிட்டுக் கீழே நில்லுங்கள். பயந்தவரை மேலே வரச்சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை.

தக்சாயினி

*

சொந்தோஃபன்
17 பெப்ரவரி

தக்சாயினிக்கு,

காட்டமாட்டேன்.

இதைவிட மென்மையாக எழுத மூன்று தாள் வீணாக்கினேன். எல்லாம் கடைசியில் இந்த ஒரு சொல்லுக்கே வந்தது.

ஓம், சுடுதண்ணீரில்தான் குளித்தேன். விரல்கள் உறைந்துவிட்டன, வைத்தியசாலையில் அப்படித்தான் செய்யச் சொன்னார்கள்.

யது போன பிறகு அங்கே ஒரு மீட்டருக்கு மேல் புதுப்பனி விழுந்திருக்கிறது. இப்போது ஆபத்து நான்கு. பள்ளத்தின் இரண்டு சாய்வும் நிறைந்து நிற்கின்றன. எது இறங்கினாலும் பள்ளத்துக்குள்தான் இறங்கும், பக்கத்தில் ஓட இடம் இல்லை. புதைந்தவருக்கு முதல் கால் மணித்தியாலம்தான். அதற்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார்கள், பிறகு ஒவ்வொரு நிமிடமும் கைவிடும். அந்தக் கால் மணித்தியாலத்தில் யதுவை எடுக்க நான் ஒருவன் போதவில்லை. உங்கள் மாமாவும் கவிஷனும் மண்வெட்டியோடு நிற்கும்போது மேலே விழுந்தால் எடுக்க யார் வருவார்? யோசேப்பு தன் ஆட்களை அனுப்பமாட்டார். அனுப்பக்கூடாது. அவர்களுக்கும் வீட்டில் பெண்சாதி பிள்ளைகள்.

பள்ளத்துக்குப் போகும் வழியில் ஒரு மரப்பாலம் இருக்கிறது. கிராமத்துக்காரர் அதில் மஞ்சள் பலகை மாட்டி வழியை மூடிவிட்டார்கள். நான் யோசேப்பிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், பீலெஃபெல்ட் இலக்கத்தகட்டோடு வான் வந்தால் மறிக்கச் சொல்லி. கவிஷனிடம் இதைச் சொல்லுங்கள். என்னைத் திட்டட்டும்.

வேலை முடிந்து தினமும் அந்தப் பாலம்வரை போய் வருகிறேன். பார்க்க ஒன்றும் இல்லை, வெள்ளை மட்டும்தான். ஆனாலும் போகாமல் இருக்க ஏலவில்லை.

கிருஷாந்

*

பீலெஃபெல்ட்
21 பெப்ரவரி

கிருஷாந் அவர்களுக்கு,

வான் வரவில்லை. நீங்கள் மறிக்கச் சொன்னதால் அல்ல. மாமாவுக்கு பிரஷர் கூடி இரண்டு நாள் வைத்தியசாலையில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தோண்டுகிற கதையை விட்டுவிட்டார். இப்போது வேறு ஒன்றைப் பிடித்திருக்கிறார், அதை விடமாட்டார்.

முப்பத்தோராம் நாள் காரியம். உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பைப் புல்லில் உருச் செய்து எரித்து, அந்தியேட்டிக் கிரியையும் செய்யலாம் என்று கோயில் ஐயர் சொல்லியிருக்கிறார். சண்டைக் காலத்தில் எத்தனையோ வீட்டில் அப்படித்தான் செய்தார்கள், இது எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. மாமா கேட்பது ஒன்றுதான். பிள்ளை கிடக்கிற இடத்திலேயே செய்யவேண்டும். பாலத்துக்கு அப்பால், அந்தப் பள்ளத்தடியில். தகப்பன் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்.

கணக்குப்படி மார்ச் இரண்டாம் திகதி திங்கட்கிழமை வருகிறது. ஒருவருக்கும் லீவு இல்லை, ஆகவே முதல்நாள் ஞாயிறுக்கு மாற்றியாகிவிட்டது. பதினான்கு பேர் வருகிறோம். பிதிர் காரியம் என்பதால் நேரம் உச்சிப்பொழுது. கவிஷன்தான் செய்கிறான்.

தோண்டமாட்டோம். ஒரு மணித்தியாலம் நின்று, செய்து, திரும்பிவிடுவோம். இதற்கும் மாட்டேன் என்று எழுதுவீர்களா?

இதை உங்களிடம் கேட்கிறேன் என்று நினைக்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் எனக்கும் இது வேண்டும். ஏதாவது ஒன்று முடியவேண்டும்.

தக்சாயினி

*

சொந்தோஃபன்
23 பெப்ரவரி

தக்சாயினிக்கு,

காரியத்துக்கு மாட்டேன் என்று சொல்லவில்லை. உச்சிக்கும், அந்த இடத்துக்கும்தான் மாட்டேன்.

பொறுமையாக வாசியுங்கள். யதுவை இழுத்தது வடகிழக்குச் சாய்வு. அதற்கு எதிரே தெற்கைப் பார்த்த சாய்வு ஒன்று இருக்கிறது, அது இன்னும் இறங்கவில்லை. இந்தக் கிழமைக் கடைசியில் வானம் வெளிக்கும், வெயில் எறிக்கும் என்கிறார்கள். இரவில் பனி உறைந்து கல்லாக நிற்கும். காலையில் வெயில் பட்டதும் மேலிருந்து இளகும், தண்ணீர் உள்ளே இறங்கும், பிடி விடும். அது சரியாக எப்போது விடும் என்று யாராலும் சொல்ல ஏலாது. ஆனால் விடுகிற நேரம் எது என்று கேட்டால் உச்சிதான். நீங்கள் பதினான்கு பேரும் நிற்கப்போகிற அதே நேரம், அதே இடம்.

பாலம் பாதுகாப்பான இடம். எந்த மாரியிலும் பனி அதுவரை வந்ததில்லை, வயதான ஆட்களிடமும் கேட்டுப் பார்த்தேன். விடிந்ததும் பாலத்தில் தொடங்குங்கள், ஒன்பது மணிக்குள் முடியுங்கள். நான் முன்னே நின்று வழி காட்டுகிறேன். தர்ப்பையை எரிக்க இரும்புத் தட்டு ஒன்றும் கொண்டுவருகிறேன், அங்கே நிலத்தில் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள். பாலத்திலிருந்து அந்த இடம் தெரியும். கூப்பிட்டால் கேட்காது. ஆனால் தெரியும்.

பக்கத்தில் ஒரு விடுதி இருக்கிறது. காரியம் முடிந்ததும் அங்கே சைவச் சாப்பாடு சொல்லிவைக்கிறேன்.

யதுவின் அப்பாவிடம் நீங்கள்தான் பேசவேண்டும். நான் பேசினால் இரண்டு மடங்கு பிடிவாதம் பிடிப்பார்.

கிருஷாந்

*

பீலெஃபெல்ட்
26 பெப்ரவரி

கிருஷாந் அண்ணாவுக்கு,

நேற்று இந்த வீட்டில் நடந்ததை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள், பிறகு சிரித்ததற்கு வெட்கப்படுவீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஐயரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மாமா கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார், “சுத்தி ஷெல் விழ விழ நிண்டு என்ர தமையனை எரிச்சனான். நெஞ்சாங்கட்டை வேகுமட்டும் அசையேல்லை. இந்தப் பஞ்சுக்குப் பயந்து பாலத்தில நிண்டு பிள்ளைக்குக் கொள்ளி வைக்கவோ?”

அந்தக் கதைக்கு முன்னால் யார் வாய் திறப்பார்? அவர் அன்றைக்குப் பயந்து ஓடியிருந்தால் அந்தத் தமையன் நாய்க்கு இரையாகியிருப்பார். அவருக்கு வாழ்க்கை சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான், நின்றவன் செய்வான், ஓடினவன் அழுவான். அந்தப் பாடத்தைப் பிழை என்று எப்படிச் சொல்வது?

ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. “மாமா, காரியம் திங்கட்கிழமை. லீவு இல்லை எண்டு ஞாயித்துக்கிழமைக்கு மாத்தினனாங்கள். ஆருக்கோ லீவு இல்லை எண்டதுக்காக நாளை மாத்தலாம், உயிருக்காக நேரத்தை மாத்தக் கூடாதோ?” என்று கேட்டேன். மாமி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்கவேண்டும். ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “தேசம், காலம் பாத்துத்தான் எதையும் செய்யச் சொல்லியிருக்கு. பிள்ளை கேக்கிறது நியாயம்தான், காலமையே செய்வம்” என்றார். பாவம், அவருக்கும் குளிரில் பள்ளத்துக்குள் இறங்க விருப்பமில்லை என்று நினைக்கிறேன்.

மாமா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் படுத்துவிட்டார். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை பின்னேரம் வந்து விடுதியில் தங்குகிறோம். விடியப் பாலத்தடியில் நிற்போம்.

எல்லோரும் தடித்த சப்பாத்துப் போடவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மாமி சேலைக்கு மேலே போட இரண்டு ஜாக்கெட் எடுத்து வைத்திருக்கிறா.

தக்சாயினி

*

பீலெஃபெல்ட்
13 மார்ச்

கிருஷாந் அண்ணாவுக்கு,

இரண்டு பெட்டிகளையும் ஒரே நாளில் எரித்தோம். மண்டபம் கொள்ளாத சனம். நீங்கள் வராதது நல்லது. வந்திருந்தால் யாராவது கை வைத்திருப்பார்கள்.

மலையில் அன்றைக்கு நீங்கள் பார்க்காததை உங்களுக்குச் சொல்லவேண்டும். வேறு யாரிடமும் சொல்ல ஏலாது.

காலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது, அது உங்களுக்குத் தெரியும். கவிஷன் அழாமல் செய்தான். எட்டரைக்கே முடித்துவிட்டு விடுதிக்குப் போனோம். நான் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். ஜனவரிக்குப் பிறகு முதல் முறையாக எனக்குப் பசித்தது. மாமா மத்தியானம் வரையும் யன்னலோரம் இருந்தார். பிறகு எழும்பி, “காருக்குள்ள குளிசை கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன்” என்றார். நான் போகிறேன் என்று எழும்பினேன். “நீ இரு பிள்ளை, சாப்பிடு” என்றார். என்னோடு அவர் அன்பாகப் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் இருந்துவிட்டேன். இருந்து சாப்பிட்டேன்.

பிறகு அந்தச் சத்தம். நீங்கள்தான் முதலில் ஓடினீர்கள். பாலத்தில் மஞ்சள் பலகைக்கு அப்பால் அவருடைய காலடிகள் போய், பனி மூடிய இடத்தில் நின்றன. நீங்கள் என் கையைப் பிடித்து, “கவிஷனை விடாதேங்கோ, சாய்வின்ர மற்றப் பாதி இன்னும் மேல நிக்குது” என்று சொல்லிவிட்டு, போன் பிடிக்கும் இடத்துக்கு ஓடினீர்கள்.

அவன் என்னைவிட எவ்வளவு உயரம் என்று தெரியும்தானே. அவனுடைய ஜாக்கெட்டைப் பாலத்துக் கைப்பிடியோடு சேர்த்துச் சுற்றிப் பிடித்தேன். முதலில் கத்தினான். பிறகு கெஞ்சினான். “அண்ணி, விடுங்கோ. அப்பா சாகப்போறார், அண்ணி.” என் கையைக் கடித்தான். நான் விடவில்லை. நீங்கள் எழுதிய அந்தக் கால் மணித்தியாலம் எனக்குத் தெரியும். அது ஓடி முடியும்வரை அவனைப் பிடித்திருந்தேன். முடிந்த பிறகும் பிடித்திருந்தேன். பனிக்குள் அவர் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே பிடித்திருந்தேன், கிருஷாந் அண்ணா. கவிஷன் ஒரு கட்டத்தில் தானாகவே தளர்ந்து என் காலடியில் இருந்துவிட்டான். மாமி பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தா.

சாய்வில் நிழல் விழுந்து உறையத் தொடங்கிய பிறகுதான் யோசேப்பு தேடும் நாயை உள்ளே விட்டார். நாய் முதலில் காட்டியது மாமாவை அல்ல. ஓடை கீழே பனியைக் குடைந்து வைத்திருந்த இடத்தில் நின்று குரைத்தது. யது அங்கே இருந்தார். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாவை அதற்குச் சற்று மேலே எடுத்தார்கள்.

இப்போது இங்கே சனம் என்ன சொல்கிறது தெரியுமா? “தகப்பன் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திட்டார்.” வருகிறவர் போகிறவர் எல்லோரும் இதையே சொல்லி மாமியின் கையைப் பிடிக்கிறார்கள். ஒரு மாதமாக உங்கள் ஆட்கள் தொடப் பயந்த இடத்துக்கு ஒரு கிழவன் தனியே நடந்து போனான், பிள்ளை கிடைத்தது. அதுதான் கதை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அந்த மற்றப் பாதி அன்று முழுக்க விழவேயில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். மாமி என்னிடம் நேரே சொன்னா, “விழாத பனிக்குப் பயந்து என்ர மனிசனைச் சாகவிட்டவள் நீ.”

நான் என்ன சொல்ல? பிடித்தது சரி என்று ஒரு நேரம் நினைக்கிறேன். பிடித்த கையை வெட்டிப் போடலாம் என்று இன்னொரு நேரம் நினைக்கிறேன். இரண்டும் ஒரே நாளில். உங்களைப் போய் நான் கேட்ட கேள்வி இப்போது என் வீட்டிலேயே என்னிடம் கேட்கப்படுகிறது. நீங்கள் உங்களுக்குள் என்ன பதில் சொல்லிக்கொள்கிறீர்கள்? ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

தக்சாயினி

*

சொந்தோஃபன்
18 மார்ச்

தங்கச்சிக்கு,

பதில் இல்லை. இருந்தால் முதல் கடிதத்திலேயே எழுதியிருப்பேன்.

அவரிடம் கருவி இல்லை. கவிஷன் ஓடிப் போயிருந்தாலும் எங்கே தோண்டுவது என்று தெரிந்திருக்காது. இது உண்மை. ஆனால் இந்த உண்மையை வைத்துக்கொண்டு நித்திரை கொள்ளலாம் என்று நான் உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். நான் கொள்வதில்லை.

அவர் ஏன் உச்சிப்பொழுதில் அங்கே போனார் என்று யோசித்துப் பார்த்தேன். காலையில் ஐயர் செய்ததை அவர் காரியமாக எடுத்திருக்கமாட்டார். மேலே எடுத்தபோது அவருடைய கோட்டுப் பையில் எள்ளும் ஒரு பிடி சோறும் இருந்தன. யோசேப்பு அதை என்னிடம் கொண்டுவந்து இது என்ன என்று கேட்டார். சாப்பாடு என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

மற்றப் பாதியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அது விழவில்லை, உண்மைதான். அங்கேயே மெல்ல மெல்ல உருகி முடியப் போகிறது. மலை ஏறுவதில் உள்ள பெரிய கேடே அதுதான். நீங்கள் பிழையாக ஒரு சாய்வைக் கடப்பீர்கள், அது பேசாமல் இருக்கும். நீங்கள் சரியாகச் செய்ததாக நினைத்துக்கொண்டு அடுத்த முறையும் போவீர்கள். பனி பிழையைப் பிழை என்று சொல்லித் தருவதில்லை, கடைசி ஒரு தரத்தைத் தவிர. யதுவும் நானும் ஆறு மாரியாக அப்படித்தான் சரியாகச் செய்துகொண்டிருந்தோம்.

அதனால் எனக்கு உங்கள் ஊர் வாயைவிடக் கவிஷனை நினைத்துத்தான் பயம். தகப்பன் போனார், அண்ணன் கிடைத்தார் என்று அவனும் நம்பினால் என்ன செய்வது? அவன் எனக்கு ஒன்றும் எழுதவில்லை. அவனைக் கொஞ்சம் கவனியுங்கள்.

நான் இனி மலை ஏறமாட்டேன். பலகைகளை வேலையிடத்தில் டக்ளஸ் என்ற பெடியனுக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த ஆண்டு கீழே எங்காவது வேலை பார்க்கலாம் என்று யோசிக்கிறேன்.

கிருஷாந்

*

பீலெஃபெல்ட்
15 நவம்பர்

கிருஷாந் அண்ணா,

நீங்கள் இன்னும் அதே விலாசத்தில்தான் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

மாமி ஹனோவரில் தன் தங்கச்சி வீட்டோடு போய்விட்டா. என்னோடு ஒரு வீட்டில் இருந்து சாப்பிட அவவுக்கு ஏலவில்லை. நான் குறை சொல்லவில்லை. கவிஷன் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். சாப்பிடுவான், கோப்பையைக் கழுவி வைப்பான், போய்விடுவான். பாலத்தைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை ஒரு சொல் கதைத்ததில்லை. கதைத்துவிட்டால் அவன் வருவதையும் நிறுத்திவிடுவான் என்று எனக்குப் பயம்.

நேற்று அவனுடைய வீட்டு நிலவறையில் என் பழைய சாமான்களை எடுக்கப் போனேன். சுவரில் பனிச்சறுக்குப் பலகைகள் சாத்தியிருந்தன. புதியவை. சப்பாத்து, கோல், மண்வெட்டி, எல்லாம். கோடை முழுக்கக் காசு சேர்த்து வாங்கியிருக்கிறான். இது என்ன என்று கேட்டேன். மறைக்கவில்லை. “முதல் வருச ஆட்டைத் திவசத்துக்கு முன்னம் நான் அங்க ஏறவேணும், அண்ணி. அண்ணா கடக்காததை நான் கடப்பன்” என்றான்.

நான் கத்தினேன். அவன் கத்தவில்லை. மெதுவாகச் சொன்னான், “அப்பா பயப்பிடேல்லை, அண்ணா கிடைச்சார். பயந்த நீங்கள் ரெண்டு பேரும் என்னத்தைக் கொண்டுவந்தனீங்கள்?”

அவன் போவான். எனக்குத் தெரியும், அவன் மாமாவின் பிள்ளை. அன்றைக்கு நான் அவனைப் பிடித்தேன், ஆனால் ஒரு வளர்ந்த ஆணை ஆயுள் முழுக்க ஜாக்கெட்டில் பிடித்து வைத்திருக்க ஏலாது. பொலிஸுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். மாமிக்குச் சொன்னால் என்மேல் விழும். அல்லது, அதைவிட மோசம், அவனை ஆசீர்வதித்து அனுப்புவா.

இனி நான் கேட்கப்போவதை வாசிக்கும்போது என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை.

நீங்கள் இனி ஏறமாட்டேன் என்று எழுதினீர்கள். அந்தச் சொல்லை மீறுங்கள். டக்ளஸிடம் கொடுத்த பலகைகளைத் திருப்பிக் கேளுங்கள், இல்லையென்றால் நான் வாங்கித் தருகிறேன். யதுவைக் கூட்டிக்கொண்டு போனதற்காக உங்களை எவ்வளவு வெறுத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது அவருடைய தம்பியையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி நானே கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவனுக்குத் தெரியட்டும். அவன் அங்கே நின்று உங்களைக் கோழை என்பான், அண்ணனை விட்டிட்டு ஓடி வந்தவர் என்பான், அதுவும் எனக்குத் தெரியும். என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு அவனைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

உங்களுக்கு இது எவ்வளவு கொடுமை என்று விளங்காமல் கேட்கவில்லை. விளங்கித்தான் கேட்கிறேன். வேறு ஆள் இல்லை.

நீங்கள் மாட்டேன் என்றால் அவன் தனியே போவான். நெஞ்சில் அந்தக் கருவியையும் கட்டிக்கொண்டுதான் போவான், அதையும் வாங்கி வைத்திருக்கிறான். தனியே போகிறவனுடைய கருவி அனுப்பிக்கொண்டே இருக்கும், கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அவனுடைய இலக்கத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கவேண்டாம், அவனுக்குப் போன் எடுங்கள். அடுத்த கிழமை உங்கள் பக்கம் பனி கொட்டும் என்று சொல்கிறார்கள்.

தக்சாயினி